எண்களோடு பெயர்களையும் வைப்போம்: பழைய மருத்துவமனைகளுக்கும் அவற்றின் கல்லறைகளுக்கும் நினைவுப் பலகை அமைக்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் கேன்டன் என்றொரு சிற்றூர். அங்குள்ள கோல்ஃப் மைதானத்தில் நான்காவது, ஐந்தாவது ஆட்டப் பாதைகளுக்கு நடுவே வேலி போட்ட ஒரு புல்வெளி இருக்கிறது. அதற்குள் 121 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1900-களின் தொடக்கத்திலிருந்து 1934 வரை அந்த இடத்தில் இயங்கிய ஹியாவதா மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டு, அங்கேயே இறந்த பூர்வகுடி அமெரிக்கர்கள் அவர்கள். தலைமாட்டில் தனித்தனியாகக் கல் கிடையாது. ஒரே ஒரு பலகையில் 121 பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பலகை இல்லாவிட்டால் அது வெறும் புல்தரைதான்.

பழைய மருத்துவமனைகளுக்கு நினைவுப் பலகை வைப்பவர்கள் பெரும்பாலும் கட்டடத்தோடு நின்றுவிடுகிறார்கள். எந்த ஆண்டு கட்டினார்கள், யார் வரைபடம் போட்டார், எத்தனை ஏக்கர், எப்போது மூடினார்கள் என்பதெல்லாம் எளிதாகக் கிடைத்துவிடும். அதே வளாகத்தின் பின்கோடியில், உழவுக்கு ஆகாத சரிவில், பெயரில்லாமல் வெறும் எண் மட்டும் இட்ட கல்லறைகளில் படுத்திருப்பவர்கள் விட்டுப்போகிறார்கள். அந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் செய்ய விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் பெயர்ப் பட்டியல், கடைசியில்தான் கல். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

படி 1: எந்த இடம் என்பதை முடிவு செய்யுங்கள்

மருத்துவமனை இருந்த இடமும் கல்லறை இருக்கும் இடமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கக் கூடாது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ரிச்மண்டில் இருந்த சிம்பராசோ ராணுவ மருத்துவமனையில் ஏறத்தாழ 75,000 பேர் சிகிச்சை பெற்றார்கள். மருத்துவமனை நின்ற மேடு இன்றும் இருக்கிறது. ஆனால் இறந்தவர்களை அங்கே புதைக்கவில்லை. ஓக்வுட் இடுகாட்டுக்குத்தான் கொண்டுபோனார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பலகை போதாது. இரண்டு வேண்டும், ஒன்றைப் படிப்பவருக்கு மற்றதன் வழி தெரிய வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். லண்டனில் ‘பெட்லம் இடுகாடு’ என்ற பெயரைக் கேட்டால், பெத்லம் மனநல மருத்துவமனையின் நோயாளிகளை மட்டுமே புதைத்த இடம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1569-இல் தொடங்கிய அது உண்மையில் நகரத்துக்கான பொது இடுகாடு. மருத்துவமனை பக்கத்தில் இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2015-இல் கிராஸ்ரெயில் ரயில் திட்டத்துக்காக அகழ்ந்தபோது 3,000-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அதற்கு முன்பே தன்னார்வலர்கள் பழைய திருச்சபைப் பதிவேடுகளைப் புரட்டி, அங்கே புதைக்கப்பட்ட 5,000-க்கும் அதிகமானவர்களின் பெயர்களைத் தொகுத்திருந்தார்கள். ஆக, ஊரார் சொல்லும் பெயரை அப்படியே பலகையில் ஏற்றிவிடாதீர்கள். அங்கே யாரைப் புதைத்தார்கள் என்பதைப் பதிவேட்டில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

படி 2: பதிவேடுகளைத் தேடுங்கள்

மொத்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான். அவசரப்பட வேண்டாம்.

முதலில் தேட வேண்டியது மருத்துவமனையின் அடக்கப் பதிவேடு. கிடைத்துவிட்டால் அதிர்ஷ்டம். கோடு போட்ட பெரிய தடித்த நோட்டு, இடப்பக்கம் வரிசை எண், அடுத்து பெயர், வயது, இறந்த தேதி, கல்லறை எண். சில வரிகளில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆண்’ என்றோ ‘பெண்’ என்றோ மட்டும் இருக்கும். மை மங்கியிருக்கும், கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய வரியை மட்டும் எடுத்தால், பக்கத்து வரியின் தேதி பின்னால் தேவைப்படும்போது மறுபடி போக வேண்டிவரும்.

அடக்கப் பதிவேடு தொலைந்திருந்தால் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். அரசு நடத்திய மருத்துவமனை என்றால் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஆண்டறிக்கைகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். அந்த ஆண்டில் எத்தனை பேர் இறந்தார்கள், எந்த நோயில் என்ற கணக்கு அவற்றில் கிடைக்கும். இறப்புச் சான்றிதழ்களில் ‘அடக்க இடம்’ என்று ஒரு கட்டம் உண்டு, அதைத் தவறாமல் பாருங்கள். மருத்துவமனைத் தச்சுப் பட்டறையின் கணக்கில் எத்தனை சவப்பெட்டி செய்தார்கள் என்பது பதிவாகியிருக்கலாம். உள்ளூர்ச் செய்தித்தாள், தேவாலயப் பதிவேடு, அடக்கம் செய்து கொடுத்தவரின் ரசீதுப் புத்தகம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உதவும். அமெரிக்காவில் கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டுகள் கழித்தும், இங்கிலாந்தில் 100 ஆண்டுகள் கழித்தும் பொதுவுக்கு வருகின்றன. மருத்துவமனையைத் தனி நிறுவனமாகக் கணக்கிட்டு, உள்ளே இருந்த எல்லோரையும் வரிசையாக எழுதியிருப்பார்கள். இங்கிலாந்தின் பழைய கணக்கெடுப்புகளில் மனநல விடுதியில் இருந்தவர்களுக்குப் பல இடங்களில் தலைப்பெழுத்துகள் மட்டுமே தந்திருப்பார்கள். வயதையும் பிறந்த ஊரையும் வைத்து மற்றப் பதிவுகளோடு பொருத்திப் பார்க்க வேண்டியதுதான். அமெரிக்காவுக்கு 1850 முதல் 1880 வரையிலான கணக்கெடுப்புகளோடு சேர்ந்த இறப்புப் பட்டியல்களும் உண்டு. அந்தந்தக் கணக்கெடுப்புக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் இறந்தவர்கள் அவற்றில் இருப்பார்கள்.

அப்புறம் வரைபடங்கள். அமெரிக்க நகரங்களுக்குச் சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள் கிடைக்கும். கட்டடம் கட்டடமாக, செங்கல்லா மரமா என்பது வரை குறித்திருக்கும். வான்வழிப் படங்களையும் விடாதீர்கள். இன்று காடாகக் கிடக்கும் இடத்தில் பழைய படத்தில் நேர்வரிசைகள் தெரியலாம்.

கிடைத்ததையெல்லாம் ஒரே அட்டவணையில் ஏற்றுங்கள். பதிவில் உள்ளபடி பெயர், வேறு எழுத்துக் கூட்டல்கள், வயது, இறந்த தேதி, கல்லறை எண், எந்த ஆவணம், எந்தப் பக்கம். ‘பதிவில் உள்ளபடி’ என்ற கட்டத்தில் உங்கள் திருத்தம் ஒரு எழுத்துகூட நுழையக் கூடாது. புலம்பெயர்ந்து வந்தவர்களின் பெயர்களை எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள். சரியான வடிவம் எது என்பதைப் பின்னால் அந்தக் குடும்பம் வந்து சொல்லலாம்.

படி 3: நிலத்தை நிதானமாகப் பாருங்கள்

பதிவேடு எத்தனை பேர் என்று சொல்லும். எங்கே என்று நிலம்தான் சொல்ல வேண்டும்.

புல் வாடிக் குறைந்திருக்கும் பருவத்தில், சூரியன் அடிவானத்தில் இருக்கும் அதிகாலையில் போங்கள். நண்பகலில் தட்டையாகத் தெரிந்த அதே தரையில், சாய்ந்த வெயில் பட்டதும் ஆள் நீளத்துக்குப் பள்ளங்கள் நிழல் கட்டி எழுந்து நிற்கும். மரப்பெட்டி மக்கி மண் இறங்கிய பள்ளங்கள் அவை. கிறித்தவ அடக்கம் என்றால் பெரும்பாலும் கிழக்கு மேற்காக, ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். நடுநடுவே சிறு பள்ளங்கள் தெரிந்தால் குழந்தைகளாக இருக்கலாம். எதையும் தோண்டாதீர்கள், கம்பியால் குத்தியும் பார்க்காதீர்கள். சிறு கொடிகளை நட்டுப் படமெடுத்து, அளந்து குறித்துக்கொண்டாலே போதும்.

அடுத்து தரை ஊடுருவும் ரேடார். புல்வெட்டும் இயந்திரம் போலத் தள்ளிக்கொண்டு போகும் கருவி இது. அரை மீட்டர் அல்லது அதைவிடக் குறைந்த இடைவெளியில் கோடு கோடாக ஓட்டுவார்கள். இதைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ரேடார் எலும்பைக் காட்டாது. ஒரு காலத்தில் வெட்டி மூடிய மண்ணுக்கும் வெட்டாத மண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் காட்டும். மணற்பாங்கான மண்ணில் நன்றாக வேலை செய்யும். களிமண்ணில் அலை சீக்கிரம் மடிந்துவிடும், அங்கே மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது போன்ற வேறு முறைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரேடாரில் எதுவும் தெரியவில்லை என்பதால் கல்லறையே இல்லை என்று எழுதிவிட முடியாது.

இந்தப் படியைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் சாட்சி. 1855 முதல் 1935 வரை அங்கே மாநில மனநல மருத்துவமனை இயங்கியது. பிறகு அந்த நிலம் மருத்துவப் பல்கலைக்கழக வளாகமானது. 2012-இல் சாலை போடத் தோண்டியபோது 66 சவப்பெட்டிகள் வெளிப்பட்டன. அந்த நிலத்தில் 7,000 பேர் வரை புதைக்கப்பட்டிருக்கலாம் என்று இப்போது மதிப்பிடுகிறார்கள்.

பழைய எண்கல்லோ இரும்புக் குச்சியோ கண்ணில் பட்டால் அதை அசைக்கவே கூடாது. ஜார்ஜியாவின் மில்லெட்ஜ்வில்லில் 1842-இல் திறந்த மத்திய மாநில மருத்துவமனை வளாகத்தில் ஏறத்தாழ 25,000 நோயாளிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். எண் பொறித்த இரும்புக் குச்சிகள்தான் அவர்களுக்கு அடையாளம். புல் வெட்ட இடைஞ்சல் என்று பிற்காலத்தில் அவற்றைப் பிடுங்கிவிட்டார்கள். மீட்டெடுத்த ஏறத்தாழ 2,000 குச்சிகளை இன்று வரிசையாக நட்டு நினைவிடமாக்கியிருக்கிறார்கள். பார்க்கவே நெஞ்சை அடைக்கும் காட்சி. ஆனால் எந்தக் குச்சி யாருடைய தலைமாட்டில் நின்றது என்ற தொடர்பு அறுந்துபோய்விட்டது.

படி 4: நிலம் யாருடையது?

மூடிய மருத்துவமனைகளின் நிலம் கைமாறிக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தின் எப்சம் ஊரில் ஐந்து மனநல மருத்துவமனைகளுக்குப் பொதுவாக ஹார்ட்டன் இடுகாடு இருந்தது. 1899 முதல் 1955 வரை சுமார் 9,000 பேரை அங்கே புதைத்தார்கள். 1983-இல் அது கட்டுமானத் தொழில் செய்யும் ஒரு தனியாருக்கு விற்கப்பட்டது. இன்று தன்னார்வலர்கள் ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் தேடி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நிலம் மட்டும் அவர்கள் கையில் இல்லை.

பத்திரப் பதிவில் உரிமையாளர் யார் என்று பார்த்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ச் சம்மதம் அடுத்த உரிமையாளர் வந்தால் செல்லாது. கல்லறைக்குப் போய்வர வழியுரிமை இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். பலகை நிற்கும், படிக்க யாராலும் உள்ளே போக முடியாது என்றால் வைத்து என்ன பயன்? உங்கள் பகுதிச் சட்டத்தில் கைவிடப்பட்ட இடுகாட்டுக்கு என்ன பாதுகாப்பு என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்பது நல்லது. வேலையின் நடுவே எலும்பு தென்பட்டால் உடனே எல்லாவற்றையும் நிறுத்திக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பூர்வகுடிகளின் கல்லறை என்றால் 1990-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. அந்தச் சட்டம் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், சம்பந்தப்பட்ட இனக்குழுவின் பேச்சைக் கேட்காமல் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

படி 5: பெயரை வெளியிடலாமா?

இங்கேதான் பல முயற்சிகள் நின்றுபோகின்றன. பெயரைப் போட்டால் நோயாளியின் அந்தரங்கம் போய்விடும் என்று அலுவலகங்கள் கைவிரிக்கும். சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா விதிகளில் 2013-இல் வந்த திருத்தத்தின்படி, ஒருவர் இறந்து 50 ஆண்டுகள் ஆனபின் அவருடைய மருத்துவத் தகவலுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. ஆனால் மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். பிரிட்டனில் நோயாளிப் பதிவுகளைப் பொதுவாக 100 ஆண்டுகள் மூடிவைப்பார்கள். மருத்துவக் கோப்பு கிடைக்காவிட்டால், பொது ஆவணமாக இருக்கும் இறப்புச் சான்றிதழ் வழியாக அதே பெயரை அடைய முடிகிறதா என்று பாருங்கள். கல்லில் நோயின் பெயர் வேண்டவே வேண்டாம். பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு போதும்.

எந்தப் பெயர் என்பதும் சில இடங்களில் கேள்வியாகும். லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் குடும்பத்துக்கு அவப்பெயர் வரக் கூடாது என்பதற்காகப் பலர் வேறு பெயர் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். உண்மைப் பெயர் உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காக அதைக் கல்லில் ஏற்றிவிட முடியாது. குடும்பத்தார் இருந்தால் அவர்களைக் கேளுங்கள். யாரும் கிடைக்காவிட்டால், அவர் தானே தேர்ந்துகொண்ட பெயரையே வைப்பதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த முடிவுகளை எடுக்கும் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது முக்கியம். மின்னசோட்டாவில் 1994 முதல் எண்கற்களை எடுத்துவிட்டுப் பெயர்க்கற்களை வைத்துவரும் ‘ரிமெம்பரிங் வித் டிக்னிட்டி’ என்ற முயற்சியை மாற்றுத்திறனாளிகளே முன்னின்று நடத்துகிறார்கள். அவர்களில் இப்படிப்பட்ட நிறுவனங்களில் வாழ்ந்தவர்களும் உண்டு. வரலாற்று ஆர்வலர்கள் மட்டுமே கூடினால் கண்ணில் படாத விஷயங்கள் அவர்களுக்கு உடனே படும்.

படி 6: வாசகம் எழுதுங்கள்

அரசு நினைவுப் பலகைத் திட்டங்கள் பலவற்றில் ஏறத்தாழ 100 சொற்களுக்குள் முடிக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு வரிக்கும் மூல ஆவணம் கேட்பார்கள். படி 2-இல் போட்ட அட்டவணையின் அருமை அப்போது புரியும்.

முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்: ‘இவ்விடத்தில் அமைந்திருந்த எழில்மிகு மருத்துவமனை பல்லாயிரம் மக்களுக்கு அரும்பணி ஆற்றியது. இதன் இடுகாடும் இங்கு உள்ளது.’ இதைப் படித்தவருக்கு எதுவும் தெரியவராது. எழில் யாருக்கு, அரும்பணியா இல்லையா என்பதையெல்லாம் நாம் தீர்ப்பாகச் சொல்ல வேண்டியதில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘மாநில மனநல மருத்துவமனை இந்த மேட்டில் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை இயங்கியது. இங்கே இறந்தவர்களில் இத்தனை பேர் உங்களுக்குப் பின்னால் உள்ள சரிவில் புதைக்கப்பட்டார்கள். கல்லறைகளில் பெயர் இல்லை, எண் மட்டுமே இடப்பட்டது. இதுவரை இத்தனை பேரின் பெயர்கள் பதிவேடுகளிலிருந்து தெரியவந்துள்ளன. அவை அருகில் உள்ள சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன.’

‘உங்களுக்குப் பின்னால்’ என்றதும் படிப்பவர் திரும்பிப் பார்ப்பார். அது போதும்.

சில சொற்களில் கவனம் வேண்டும். மருத்துவமனையின் அந்தக் காலத்து அதிகாரப்பூர்வப் பெயரில் இன்று நாம் சொல்லக் கூசும் சொல் இருந்தால், அதை மேற்கோள் குறிக்குள் அப்படியே தரலாம், அது வரலாறு. அங்கே இருந்த மனிதர்களை அந்தச் சொல்லால் அழைக்கக் கூடாது. ‘கேட்பாரற்றவர்கள்’, ‘அனாதைப் பிணங்கள்’ போன்றவையும் வேண்டாம். தந்தி தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம், ரயிலுக்குக் காசில்லாமல் இருந்திருக்கலாம், குடும்பத்துக்குச் செய்தியே போகாமலும் இருந்திருக்கலாம். வந்து எடுத்துச் செல்லவில்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். நியூயார்க் மாநிலத்தின் வில்லார்டு மனநல மருத்துவமனை 1995-இல் மூடப்பட்டபோது மாடியறையில் நோயாளிகளின் பெட்டிகள் ஏறத்தாழ 400 கிடைத்தன. வீடு திரும்புவோம் என்று நினைத்துக் கட்டிக்கொண்டு வந்த பெட்டிகள் அவை.

இப்போதைக்குப் பெயர்கள் கிடைக்கவில்லை என்றால் கல் வைப்பதையே தள்ளிப்போட வேண்டுமா? வேண்டாம். கனடாவின் குரோஸ் ஈல் தனிமைப்படுத்தல் தீவில் 5,000-க்கும் மேற்பட்ட ஐரிஷ் மக்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், பெரும்பாலோர் 1847 என்ற ஒரே ஆண்டில் இறந்தவர்கள். 1909-இல் ஒரு கெல்டிக் சிலுவை எழுப்பினார்கள். 1998-இல்தான் கண்ணாடித் தகடுகளில் பெயர்கள் வந்தன. முதல் நினைவுச்சின்னம் அந்த இடத்தைக் காப்பாற்றி வைத்ததால்தான் இரண்டாவது சாத்தியமானது.

படி 7: பொருளும் இடமும்

சாலையோரப் பலகைக்கு வார்ப்பு அலுமினியம் நல்லது. எழுத்துகள் புடைத்து நிற்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்ணம் தீட்டினால் போதும். வெண்கலம் அழகுதான், ஆனால் உலோக விலைக்காகப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். நீண்ட பெயர்ப் பட்டியலுக்குக் கிரானைட் சிறந்தது.

பலகையின் தூணுக்குக் குழி தோண்டும் இடத்திலேயே கல்லறை இருந்துவிட்டால்? இந்தச் சந்தேகம் கடைசி நேரம் வரை யாருக்கும் வராது. ரேடார் ஓட்டும்போதே தூண் வரப்போகும் இடத்தையும் சேர்த்து ஓட்டச் சொல்லுங்கள். முடிந்தால் வரிசைகளுக்கு வெளியே, வாசல் ஓரம் வையுங்கள். பழைய எண்கற்கள் இருந்தால் அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும், பெயர்க்கல்லைப் பக்கத்தில் வைக்கலாம். மாசசூசெட்ஸின் வால்த்தமில் உள்ள மெட்ஃபெர்ன் இடுகாட்டில் எண்ணோடு சி அல்லது பி என்ற ஓர் எழுத்து மட்டும் பொறித்த சிறு கற்கள் இருக்கின்றன. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்ற பிரிவைத் தவிர அங்கே கிடப்பவரைப் பற்றி எதையும் அவை சொல்வதில்லை. கடைசி அடக்கம் 1979-இல் நடந்தது என்று கேட்டால் யாருக்கும் திகைப்பாக இருக்கும். அந்தக் கற்களே ஒரு சாட்சியம், அகற்றக் கூடாது.

படி 8: திறப்பு நாள்

சுருக்கமாகச் செய்யுங்கள். உரைகளைக் குறைத்து, பெயர்களை உரக்கப் படியுங்கள். குடும்பத்தார் வந்திருந்தால் அவர்கள் வீட்டுப் பெயரை அவர்களே படிக்கட்டும்.

படி 9: பராமரிப்பு

கல்லில் பாசி படிந்தால் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். பிளீச்சிங், கம்பித் தூரிகை, அழுத்த நீர் மூன்றும் கல்லை அரித்துவிடும். மங்கிய எழுத்தைப் படிக்கச் சுண்ணக்கட்டியோ சவர நுரையோ பூச வேண்டாம். ஒரு கண்ணாடியைப் பிடித்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்து எழுந்து வரும். கல்லறைகளின் நடுவே கனமான புல்வெட்டும் வண்டியை ஓட்ட விடாதீர்கள்.

பெயர்ச் சுவரில் காலி இடம் விட்டு வையுங்கள். பட்டியலை இணையத்திலும் வைத்து, ஒரு தொடர்பு வழியைக் கொடுங்கள். ஓரிகான் மாநில மருத்துவமனையில் 2004-இல், யாரும் வந்து வாங்காத சாம்பல் ஏறத்தாழ 3,500 செப்புக் குப்பிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது வெளியே தெரிந்தது. ஈரத்தில் செம்பு அரித்து, ஒவ்வொரு குப்பியின் மேலும் நீலமும் பச்சையுமாகப் படிவங்கள் பூத்திருந்தன. பெயர்களை வெளியிட்டார்கள், 2014-இல் நினைவிடம் திறந்தார்கள். பட்டியலில் தங்கள் வீட்டுப் பெயரைக் கண்டுபிடித்த பேரன் பேத்திகள் வந்து குப்பிகளை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.